விண்டோஸ் 11: எதை மறைக்கலாம், எதைத் தொடக்கூடாது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து சித்தூர், திருப்பதிப் பக்கம் டிடிபி கடை, ஜெராக்ஸ் கடை, நெட் சென்டர் எங்கே போனாலும் "லெவனுக்கு மாறிட்டீங்களா?" என்ற பேச்சுதான். மாறியவர்களுக்கு அடுத்த கவலை காத்திருக்கிறது. "சார், அப்கிரேடு ஆனதும் சி டிரைவ்ல என்னென்னமோ ஃபோல்டர் வந்து உக்காந்துக்கிச்சு, டிலீட் பண்ணிடலாமா?" என்று சித்தூர் ஹை ரோடு பக்கத்து டிடிபி கடைக்காரர் ஒருவர் கேட்டார். கல்யாணப் பத்திரிகையைத் தெலுங்கிலும் தமிழிலும் அச்சுக்குத் தயார் செய்பவர். அனு ஃபான்ட்டும் பேஜ்மேக்கரும் ஓடினால் போதும், மற்ற எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது அவருடைய தேவை.

அவர் கடைக் கணினியிலும் திருப்பதியில் ஒரு நெட் சென்டர் கணினியிலும் உட்கார்ந்து, விண்டோஸ் 11-இல் வேண்டாத ஃபோல்டர்களைக் கண்மறைவாக வைக்க என்ன வசதி இருக்கிறது என்று பார்த்தேன். இந்த விமர்சனம் அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும். வேகம், அழகு, கோபைலட் பற்றியெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் சி டிரைவ். மேம்படுத்தியதும் அங்கே பெரிய இடத்தைப் பிடித்திருப்பது 'விண்டோஸ் டாட் ஓல்டு'. பழைய இயங்குதளம் அப்படியே அதற்குள் இருக்கிறது. 256 ஜிபி எஸ்எஸ்டி போட்ட கடைக் கணினியில் அது பிடிக்கும் இடம் உறுத்தத்தான் செய்யும். இதை மறைப்பதில் அர்த்தமில்லை, ஏனென்றால் கண்ணில் படாவிட்டாலும் இடம் இடம்தான். பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு, அதன்பின் விண்டோஸே இதை நீக்கிவிடும். பிரிண்டரும் ஸ்கேனரும் புதிய பதிப்பில் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று அந்த 10 நாளுக்குள் பார்த்துவிடுவது நல்லது. அவசரமாக இடம் வேண்டுமென்றால் 'செட்டிங்ஸ்' போய் 'ஸ்டோரேஜ்' பகுதியில், முந்தைய விண்டோஸ் நிறுவல் என்பதைத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் வலது கிளிக் செய்து டிலீட் கொடுத்தால் அனுமதி இல்லை என்று அது முரண்டு பிடிக்கும், பாதி அழிந்து பாதி நிற்கும்.

'பெர்ஃப்லாக்ஸ்' என்று ஒன்று இருக்கும். வெறும் பதிவேட்டு ஃபோல்டர், பெரும்பாலும் காலி. மறைத்தால் ஒன்றும் ஆகாது.

அந்தக் கடைக்காரரை உண்மையில் பயமுறுத்தியது 'ஐநெட்பப்'. இது மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் ஃபோல்டர். வெப் சர்வரே இல்லாத கணினிகளிலும் 2025 ஏப்ரல் மாதப் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு இது முளைத்தது. உள்ளே ஒரு கோப்பும் கிடையாது. வைரஸ் என்று நினைத்துப் பலர் அழித்தார்கள். பிறகுதான் மைக்ரோசாஃப்ட் விளக்கம் சொன்னது: அப்டேட் நடக்கும்போது போலி இணைப்புகளை வைத்துக் கூடுதல் அதிகாரம் பெற வழிவிடும் ஓட்டை ஒன்றை அடைக்கத்தான் இந்த ஃபோல்டர், அழிக்காதீர்கள் என்று. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். காலியாக ஒரு ஃபோல்டரைச் சொல்லாமல் கொள்ளாமல் வைத்துவிட்டு, தொடாதே என்று பிற்பாடு சொல்வது என்ன முறை? அதோடு முடியவில்லை. அதே பெயரில் வேறொரு கோப்புக்கு இணைப்புப் போட்டு வைத்தால் அடுத்தடுத்த அப்டேட்களையே தடுத்துவிடலாம் என்று கெவின் போமான்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் காட்டினார்.

ஏற்கெனவே அழித்தவர்கள், 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் ஐஐஎஸ்-ஐ ஒருமுறை இயக்கினால் ஃபோல்டர் சரியான அனுமதிகளோடு திரும்ப வரும். பிறகு ஐஐஎஸ்-ஐ அணைத்துவிடலாம். வெறுமனே 'நியூ ஃபோல்டர்' போட்டு அந்தப் பெயரை வைத்தால் போதாது. அதன் உரிமை சிஸ்டத்திடம் இருப்பதுதான் பாதுகாப்பு. மறைப்பதில் தவறில்லை. மறைக்கும் குறியீடு யார் திறக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதிகளைத் தொடுவதில்லை.

மறைக்கும் வேலை எளிது. ஃபோல்டர் மேல் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'ஹிடன்' என்ற கட்டத்தில் டிக். உள்ளிருக்கும் கோப்புகளையும் சேர்த்து மறைக்கவா என்று கேட்டால் இந்த ஃபோல்டர் மட்டும் என்று சொல்லுங்கள். யாராவது 'வியூ' மெனுவில் மறைந்தவற்றைக் காட்டு என்று போட்டால் இது மங்கலாக மறுபடி தெரியும். இன்னும் ஆழமாக மறைக்க, அட்மின் அதிகாரத்தோடு திறந்த கமாண்ட் திரையில் 'அட்ரிப்' கட்டளையைக் கொடுத்து ஹிடன், சிஸ்டம் இரண்டு குறிகளையும் சேர்த்துப் போட வேண்டும்.

நம் ஊர் நெட் சென்டர்காரர்களுக்கு இந்தக் கட்டளையைச் சொல்லித்தரவே வேண்டாம். பென் டிரைவில் வரும் ஷார்ட்கட் வைரஸ், இதே இரண்டு குறிகளைப் போட்டுத்தான் வாடிக்கையாளரின் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்டை வைக்கும். "டிரைவ்ல ஒண்ணுமே இல்லண்ணா" என்று கல்லூரிப் பையன் அழாத குறையாக வந்து நிற்க, அட்ரிப் போட்டு ப்ராஜெக்ட்டை மீட்டுக்கொடுத்து நல்ல பெயர் வாங்காத கடைக்காரர் குறைவு. அந்தக் கட்டளையின் கழித்தல் குறியைக் கூட்டல் ஆக்கினால் இங்கே நமக்கு வேண்டிய வேலை முடிந்துவிடும்.

இதுவரை சொன்னது வெறும் கண் உறுத்தல். திருப்பதிக் கடையில் பார்த்தது அப்படியல்ல.

300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட் ஆன்லைனில் திறக்கும் காலை நேரம் அந்தக் கடையில் நெரிசல் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். குடும்பத்தில் ஒவ்வொருவர் ஆதார் எண்ணையும் அடிக்க வேண்டும். கொண்டுவந்த அட்டையை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வார்கள், அல்லது வாட்ஸ்அப்பில் படமாக வாங்குவார்கள். விண்டோஸ் 11-இல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் முதலில் வருவது 'ஹோம்' என்ற பக்கம். சமீபத்தில் திறந்த கோப்புகள் அங்கே பெயரோடு வரிசையாக நிற்கும். அதற்குக் கீழே இடப்பக்கத்தில் 'கேலரி'. 23ஹெச்2 பதிப்போடு வந்த இது 'பிக்சர்ஸ்' ஃபோல்டரில் உள்ள எல்லாப் படங்களையும் தேதி வாரியாகப் பரப்பிக் காட்டும். விண்டோஸின் ஸ்கேன் செயலி சேமிப்பதும் ஸ்கிரீன்ஷாட் போய்ச் சேருவதும் அதே பிக்சர்ஸில்தான். ஆக, ஒருவர் பென் டிரைவைத் திறக்கப் போய்க் கைதவறிக் கேலரியை அழுத்தினால், முன்னால் வந்துபோன பக்தர்களின் ஆதார் அட்டைகள் திரை நிறைய வந்து நிற்கும்.

வீட்டில் பேரன் படத்தைப் பார்க்க இது நல்ல வசதிதான். பத்துப் பேர் கை வைக்கும் கணினியில் இதை மறைக்க ஒரு டிக் கட்டம்கூட வைக்காதது பெரிய குறை. 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'திஸ் பிசி', 'நெட்வொர்க்', 'லைப்ரரீஸ்' மூன்றையும் காட்டவோ மறைக்கவோ கட்டங்கள் உண்டு. நான் பார்த்த இரண்டு கணினிகளிலும் ஹோமுக்கும் கேலரிக்கும் அப்படி ஒன்று இல்லை. ரெஜிஸ்ட்ரிக்குள் போய், 32 இலக்க அடையாளத்தின் கீழ் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்க வேண்டும். அது அந்த லாகினுக்கு மட்டுமே பலிக்கும். இன்னொரு பெயரில் உள்ளே போனால் கேலரி அப்படியே இருக்கும். கடைக்காரர்களை ரெஜிஸ்ட்ரி பக்கம் அனுப்ப எனக்கு மனமில்லை.

அதைத் தொடாமலே பெரும்பகுதியைச் சரிசெய்யலாம். ஃபோல்டர் ஆப்ஷன்ஸின் முதல் வரியில், எக்ஸ்ப்ளோரர் திறக்கும் இடத்தை ஹோமிலிருந்து திஸ் பிசிக்கு மாற்றுங்கள். கீழே 'பிரைவசி' பகுதியில் சமீபத்திய கோப்புகள், அடிக்கடி திறக்கும் ஃபோல்டர்கள் என்ற டிக்குகளை எடுத்துவிட்டு 'கிளியர்' அழுத்துங்கள். ஸ்டார்ட் மெனுவில் தெரியும் சமீபத்திய கோப்புகளுக்கு செட்டிங்ஸில் தனி சுவிட்ச் இருக்கிறது, அதையும் அணையுங்கள். ஸ்கேன் சேரும் இடத்தை பிக்சர்ஸிலிருந்து டி டிரைவுக்கு மாற்றினால் கேலரி இருந்தும் காலியாக இருக்கும். திருப்பதிக் கடையில் செய்தது இவ்வளவுதான், வேலை தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. அன்றன்றைய ஸ்கேன்களைக் கடை மூடும்போது அழிப்பது கடைக்காரர் பொறுப்பு. எந்த மறைப்பும் அதற்கு ஈடாகாது.

ஒன்டிரைவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போகும்போது 'பேக்கப்' இயங்கிவிட்டால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடியேறிவிடும். இலவச இடம் 5 ஜிபி. பத்திரிகை டிசைன் செய்பவருக்கு அது எந்த மூலைக்கு? எரிச்சலில் ஒன்டிரைவ் ஃபோல்டரையே உள்ளிருக்கும் கோப்புகளோடு சேர்த்து மறைத்தால் உங்கள் டெஸ்க்டாப் கோப்புகளும் அதோடு கண்மறைவாகும். முதலில் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்துங்கள், கோப்புகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டனவா என்று பாருங்கள், மறைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மற்ற இயங்குதளங்களும் இதில் யோக்கியமில்லை. ஆப்பிள் மேக்கில் கேட்டலினாவுக்கு மாறியபோது 'ரீலொகேட்டட் ஐட்டம்ஸ்' என்று ஒன்று டெஸ்க்டாப்பில் வந்து நின்றது. உபுண்டுவில் 'ஸ்னாப்' ஃபோல்டர் ஹோமில் வந்து உட்காரும். ஆனால் அங்கே 'டாட் ஹிடன்' என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, மறைக்க வேண்டிய ஃபோல்டர் பெயரை அதில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. வேண்டாமென்றால் அந்த வரியை அழித்தால் போதும். மறைப்பு என்ற ஒரு விஷயத்தில் உபுண்டுவுக்கு 5-க்கு 4 கொடுப்பேன், விண்டோஸ் 11-க்கு 2. சி டிரைவ் ஃபோல்டர்களைக் கையாள விட்டதற்கு அந்த 2, கேலரிக்காகக் குறைத்தது மீதி.

சித்தூர் கடையில் பழைய இன்டெல் ஆறாம் தலைமுறைக் கணினி ஒன்றும் இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசசர் பட்டியலில் அது இல்லை, குறுக்குவழியில் ஏற்றித்தரும்படி அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு பேஜ்மேக்கருக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கோப்புகளை இங்குமங்கும் கொண்டுபோக ஒரு பென் டிரைவ் தனியாக வைத்திருக்கிறார், வாடிக்கையாளர் பென் டிரைவ் எதையும் அந்தக் கணினியில் சொருகுவதில்லை.