கை வெறும் குழாய்!

தமிழ் சினிமாவில் குத்து வாங்கியவர் பறப்பார். குத்தியவர் நின்ற இடத்திலேயே அசையாமல் முறைப்பார். கவனித்திருக்கிறீர்களா? நிஜத்தில் கணக்கு தலைகீழ். முதலில் நகர வேண்டியவர் குத்துகிறவர்தான்.

மஞ்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 'சார்பட்டா பரம்பரை'யைப் பல தடவை பார்த்துவிட்டு, மணல் மூட்டையில் தினமும் ஓவர்ஹேண்ட் பஞ்ச் பழகுகிறாராம். 'கை வீங்குதே தவிர குத்துல வெயிட் இல்ல சார். எந்த சீனைப் பார்த்துக் கத்துக்கலாம்?'

ஒரே ஒரு சீன்தான். அதுவும் ஹீரோவோடது இல்லை... டான்சிங் ரோஸோடது!

2021-ல் வந்த பா.ரஞ்சித்தின் படம் அருமையான படம். எமர்ஜென்சி கால வடசென்னை, பரம்பரை கௌரவம், பசுபதியின் ரங்கன் வாத்தியார்... எதிலும் குறையில்லை. ஆனால், குத்து எங்கிருந்து பிறக்கிறது என்ற விஷயத்தில் படம் நம்மை ஏமாற்றுகிறது. சின்ன வயதிலிருந்து வேடிக்கை பார்த்தே கபிலனுக்கு வித்தை வந்துவிடுகிறது. ஏகலைவன் கதை நமக்கு எப்பவுமே பிடிக்கும்! பிற்பாதியில் தொப்பை கரைகிறது, ரோஷம் ஏறுகிறது, பின்னணியில் பாட்டு. எது சரியாயிற்று, கால் வைக்கும் இடமா, தோள் திரும்பும் விதமா? சொல்லவே இல்லை. ஷபீர் கல்லரக்கல் நடித்த ரோஸ் வரும்போதுதான் கேமரா இடுப்புக்குக் கீழே இறங்குகிறது. ரோஸ் தோற்கிறார். பாடம் மட்டும் அவருடையது.

ஓவர்ஹேண்ட் என்பது என்ன? எதிராளி இடது கையை நேராக நீட்டும்போது, அதற்கு மேலே வளைந்து போய் தாடையில் இறங்குகிற வலக்கைக் குத்து. முதலில் இடது கால் லேசாக இடப்பக்கம் நகர வேண்டும். தலையும் கூடவே சாய்ந்து, வரும் குத்தின் பாதையை விட்டு விலக வேண்டும். பின்னங்காலின் குதிகால் எழும்ப, இடுப்பு திரும்ப, தோள் திரும்ப, கடைசியாகத்தான் கை. அதுவரை இடது கை முகத்தைக் காவல் காக்க வேண்டும். கையைப் பின்னால் இழுத்து ஓங்கினால், 'இதோ வர்றேன்' என்று எதிராளிக்குத் தந்தி கொடுத்த மாதிரி.

மஞ்சூர்க்காரருக்கு உள்ளூர் உதாரணமே இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் கெத்தை பவர் ஹவுஸ். அங்கே டர்பைனைச் சுற்றுவது குழாயா? மேலேயிருந்து இறங்கும் தண்ணீரின் கனம்தான். பாக்ஸிங்கில் கை வெறும் குழாய். உடம்புதான் தண்ணீர்.

ராக்கி மார்சியானோவுக்கு இது தெரிந்திருந்தது. ஹெவிவெயிட்டில் அவர் குள்ளம், கையும் குட்டை. 1952-ல் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் பாயின்ட்டில் பின்தங்கியிருந்தவர், 13-வது ரவுண்டில் ஒரே வலக்கைக் குத்தில் உலக சாம்பியன் ஆனார். மொத்தம் 49 சண்டை, 49 வெற்றி. அந்த ஒரு குத்துக்குப் பின்னால் எத்தனை வருஷக் கால் பழக்கம்!

பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், நம் படங்கள் வரவை மட்டும் எழுதிச் செலவை மறைக்கிற பேலன்ஸ் ஷீட். ஓவர்ஹேண்ட் தவறினால் உடம்பு சாய்ந்துபோய், வலப்பக்கம் திறந்து கிடக்கும். எதிராளியின் இடது ஹூக் அதற்காகவே காத்திருக்கும். இந்தச் செலவுக் கணக்கை எந்த ஹீரோவும் காட்டுவதில்லை. 'இறுதிச்சுற்று' (2016) கொஞ்சம் பரவாயில்லை. ரித்திகா சிங் நிஜத்திலேயே கிக்பாக்ஸிங் பழகியவர் என்பதால் குத்துக்கு முன்னாலேயே கால் நகர்ந்துவிடுகிறது.

மஞ்சூர் நண்பரே, வீக்கம் வடியும் வரை மூட்டையைத் தொடாதீர்கள். பிறகு கையில் பேண்டேஜ் சுற்றி, காற்றில், மெதுவாக, கால்களை மட்டும் பழகுங்கள். ஊட்டியோ, கோவையோ, நேரில் திருத்த ஒரு வாத்தியாரைத் தேடுங்கள். அதற்கு முன்னால் யாரோடும் மோத வேண்டாம். மணல் மூட்டை திருப்பி அடிக்காது. மனுஷன் அடிப்பான்... அதுவும் தலையில்!