மறைவும் மர்மமும்

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள திரியாயில் பல்லவ கிரந்த எழுத்தாலான வடமொழிப் பாறைக் கல்வெட்டொன்று உண்டு. கடலோடுவதில் வல்ல திரபுசகர், வல்லிகர் என்னும் வணிகக் குழுவினரை அது போற்றுகின்றது. கரைசேர்ந்தோர் புகழைக் கல் தாங்கியது; கடலில் மறைந்தோருக்கு எழுத்தே கல்லாதல் வேண்டும். அக்கடமையை இக்கால எழுத்து எங்ஙனம் ஆற்றியுள்ளது என்பதற்கு லயன் எயர் விமானத்தின் மறைவு தக்க உரைகல்லாகும்.

1998 செப்டெம்பர் 29 ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட அன்ரனோவ் 24 விமானம் சிறிது நேரத்தில் மன்னார்க் கடலின் மேல் மறைந்தது. பயணிகள் 48 பேர். பணியாளர் 7 பேர். இந்நிகழ்வு பல்லாண்டுகள் ‘மர்மம்’ என்றே எழுதப்பட்டது.

‘மர்மம்’ துப்பறியும் கதையினின்று பெற்ற சொல். அக்கதைக்கு வேண்டியன புதிரும் தடயமும் விடையுமே. விடை கிடைத்ததும் கதை முடிந்துவிடும். போர் முடிந்து மூன்றாண்டுகளின் பின், 2012 இல், இரணைதீவை அடுத்த கடலில் விமானச் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. விடுதலைப் புலிகளின் ஏவுகணையே அதனை வீழ்த்தியது என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. துப்பறியும் கதையின் இலக்கணப்படி இதுவே முடிவு. ஆயினும் 2013 சனவரியில், கடலிலிருந்து மீட்ட உடைகள் யாழ்ப்பாணத்தில் உறவினர் முன் வைக்கப்பட்டன. நைந்த துணியொன்றில் தம்மவரைத் தேடிய அக்கண்களுக்கு அவ்விலக்கணத்தில் இடமில்லை.

தமிழ் மரபு வேறு வழி காட்டுகின்றது. காவிரி கவர்ந்த ஆட்டனத்தியைத் தேடி அலைந்த ஆதிமந்தியைப் பரணர் பாடினார். அங்கே புதிர் எதுவுமில்லை. கவர்ந்தது வெள்ளம் என்பது வெளிப்படை. விடை தெரிந்த பின்னும் தேடல் ஓயாமையே அவ்வரலாற்றின் உயிர்.

புலம்பலைப் போற்றுவது பொறுப்புக்கூறலை மறைக்கும் எனச் சிலர் வாதிடலாம். கண்ணகி அவ்வாதத்துக்கு விடையாவாள். அவள் அழுதாள், அரசனை வினவவும் செய்தாள். துயரும் நீதியும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல. ‘மர்மம்’ என்னும் சொல்லே இரண்டையும் விலக்குகின்றது: கொலையை விதியின் விளையாட்டாக்கி, உறவினரை வெறும் பார்வையாளராக்குகின்றது.

எனவே இத்தகைய மறைவுகளை எழுதுவோர், எவ்வாறு நிகழ்ந்தது என்பதோடு நின்றுவிடலாகாது. அந்த 55 பேருக்காகக் காத்திருந்தோர் யாவர், அவர்களுக்கு உண்மை ஏன் இத்துணைக் காலம் தாழ்ந்து வந்தது என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.