காலுக்குக் கால் மாறிய பந்து

கால்பந்தில் எனக்கு மிகவும் பிடித்தது, கோலுக்குச் சற்று முன்னால் நாலைந்து பேரின் கால்களுக்கிடையே பந்து ஓடும் அந்தச் சில நொடிகள். ஒருவர் தட்டிவிடுகிறார். பந்து போகிற இடத்தில் அந்த நேரத்தில் யாருமே இல்லை. பந்து போய்ச் சேரவும் இன்னொருவர் ஓடிவந்து அங்கே நிற்கவும் சரியாக இருக்கிறது. இந்த அழகை ஆட்டத்துக்குக் கொடுத்தவர்களின் முதல் வரிசையில், சம்பளம் என்ற பேச்சே இல்லாமல் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆடிய ஒரு கிளப்பை வைப்பேன். ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரத்தின் குயின்ஸ் பார்க்.

1867 ஜூலை 9 அன்று நகரின் தென்பகுதியில் ஒரு வீட்டில் கூடிய இளைஞர்கள் அதைத் தொடங்கினார்கள். பெயர் வைக்கவே ஓட்டெடுப்பு நடந்தது. பக்கத்துப் பூங்காவின் பெயர் ஒரே ஓட்டில் ஜெயித்தது. கிளப் வந்துவிட்டது, எதிர்த்து ஆடத்தான் ஆள் இல்லை. அதனால் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். திரும்பத் திரும்ப அதே முகங்கள். எவன் எந்தப் பக்கம் திரும்புவான், எவனுக்கு இடது கால் வாகு என்பதெல்லாம் மனப்பாடம். அவர்களுடைய ஆஃப்சைடு விதியும் தாராளமானது. கோலை ஒட்டிய கடைசி 15 கெஜத்துக்குள் மட்டுமே அது செல்லும். முன்னால் நிற்கிற கூட்டாளிக்குப் பந்தை அனுப்புவது அங்கே இயல்பாகவே பழகியது. துணைக்கு ஆளில்லாத அந்தத் தனிமையில்தான் பாஸ் என்கிற கலை விளைந்தது என்று நான் நம்புகிறேன்.

அந்தக் காலத்து இங்கிலாந்து ஆட்டம் வேறு மாதிரி. பந்து கிடைத்தவர் குனிந்த தலை நிமிராமல் எதிராளிகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டே ஓடுவார். கூட்டாளிகள் பின்னாலேயே ஓடுவார்கள், அவரிடமிருந்து தவறினால் எடுத்துக்கொள்ள. வீரம் உண்டு, வேகம் உண்டு. பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டு முறைகளும் நேருக்கு நேர் மோதிய நாள் 1872 நவம்பர் 30. பார்ட்டிக் என்ற இடத்தில் ஒரு கிரிக்கெட் மைதானம், ஏறத்தாழ 4,000 பார்வையாளர்கள், உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்துப் போட்டி. ஸ்காட்லாந்து அணியின் பதினொரு பேரும் குயின்ஸ் பார்க் ஆட்டக்காரர்கள். ஒரு கிளப்பே ஒரு நாடாக இறங்கியது! எதிரே நின்ற இங்கிலாந்துக்காரர்கள் உடல் கனத்தவர்கள். மோதினால் தாங்காது என்று தெரிந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் பந்தைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். முடிவு 0-0. கோலே விழாத அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு இன்றும் ஏக்கம் உண்டு. ஏழு கோல் விழுந்த இறுதிப் போட்டிகளில்கூட அவ்வளவு புதியது எதுவும் நடந்ததில்லை.

பணம் மட்டும் குயின்ஸ் பார்க்கிடம் அன்று இல்லை. அதே 1872 மார்ச்சில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிக்காக லண்டன் போய் வாண்டரர்ஸ் அணியுடன் 0-0 என்று சமன் செய்தார்கள். மறு ஆட்டத்துக்குத் தங்கக் கையில் காசில்லை, ஊர் திரும்பிவிட்டார்கள். 1884, 1885 இரண்டு ஆண்டுகளிலும் அந்தக் கோப்பையின் இறுதி வரை வந்து பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் தோற்றார்கள். ஸ்காட்டிஷ் கோப்பையைப் பத்து முறை வென்றதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, ஆண்ட்ரூ வாட்சனைப் பற்றிச் சற்று நின்று பேச ஆசை. பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த கறுப்பினத்தவர். இந்தக் கிளப்பின் தடுப்பாட்டக்காரர், செயலாளரும்கூட. 1881இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஸ்காட்லாந்துக்குத் தலைமை தாங்கினார். இங்கிலாந்து 6-1 என்று தோற்றது. இப்படிப்பட்ட தோல்விகளிலிருந்துதான் இங்கிலாந்து பாடம் படித்தது. அங்கிருந்த கிளப்புகள் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து அழைத்தன. அவர்களுக்குப் 'பேராசிரியர்கள்' என்றே பட்டப்பெயர் விழுந்தது.

1893இல் ஸ்காட்லாந்திலும் சம்பள ஆட்டம் சட்டப்படியானது. அதன் பிறகு குயின்ஸ் பார்க் ஸ்காட்டிஷ் கோப்பையை வெல்லவே இல்லை. ஆனாலும் 'ஆட்டத்துக்காகவே ஆடு' என்ற தன் லத்தீன் வாசகத்தை விடவில்லை. அந்தக் கிளப் 1903இல் கட்டிய ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் 1937இல் ஸ்காட்லாந்து - இங்கிலாந்து ஆட்டத்தைக் காண வந்தவர்கள் 1,49,415 பேர். அந்தப் பிரம்மாண்டத்தின் சொந்தக்காரர்கள் பிற்காலத்தில் சில நூறு பேர் பார்க்க ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கம்பீரம் இருந்தது.

2019இல் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு அமெச்சூர் நிலையைக் கைவிட்டார்கள். மறு ஆண்டு ஹாம்ப்டன் பார்க் ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கத்தின் கைக்குப் போனது. வருத்தம்தான், ஆனால் குறை சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் இல்லாததால், வளர்த்துவிட்ட பையன்களை மற்ற கிளப்புகள் சுலபமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. அப்படிப் போன ஒருவர் ஆண்டி ராபர்ட்சன். 2012-13 பருவத்தில் சம்பளமில்லாமல் இங்கே ஆடினார். 2019இல் லிவர்பூல் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது இடது பக்கத்துத் தடுப்பாட்டக்காரர் அவர்தான். ஓட்டத்தின் வேகம் குறையாமலே, ஓடிவரும் கூட்டாளியின் காலடிக்கு அளந்து அனுப்புகிற அவருடைய அந்த கிராஸை எத்தனை முறை போட்டாலும் பார்ப்பேன்.