ஏரி வேலையும் ஏரி வாரியமும்

முதுகலை வகுப்பில் உத்திரமேரூர்க் கல்வெட்டு நடத்திக்கொண்டிருந்தேன். குடவோலை, முப்பது குடும்பு, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று வழக்கமான வரிசையில் சொல்லி வந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "எங்கம்மாவும் ஏரி வேலைக்குத்தான் மேடம் போறாங்க" என்றாள். வகுப்பு சிரித்தது. வடமாவட்டங்களில் நூறு நாள் வேலைக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் ஏரி வேலை. தூர் எடுப்பதும் வரத்துக்கால் வெட்டுவதும் கரைக்கு மண் போடுவதும்தான் தொடக்கத்தில் அந்தத் திட்டத்தின் பெரும்பகுதி என்பதால் வந்த பெயர். நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அந்தப் பெண் ஆயிரத்து நூறு ஆண்டு வரலாற்றை ஒரே வரியில் சொல்லிவிட்டாள். ஏரியில் பெண்ணுக்கு வேலை இருக்கிறது, வாரியம் இல்லை.

ஏரி நம் பண்பாட்டுப் பெருமிதங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாகச் சொல்கிறோம். மழை மூன்று மாதம் பெய்து ஒன்பது மாதம் காயும் நிலத்தில், பெய்த நீரைத் தேக்கிப் பங்கிட்டு வாழக் கற்ற சமூகம் என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்தப் பெருமிதம் பொய்யில்லை. ஆனால் அது எந்தப் பிரதிகளைச் சான்றாகக் காட்டுகிறதோ அவற்றை ஒரு பெண்ணாக உட்கார்ந்து திரும்ப வாசிக்க வேண்டியிருக்கிறது.

புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலைகளைப் பெருக்கச் சொல்கிறார். உயிரும் உணவும் நிலமும் நீரும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்ற அதன் தெளிவு இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால் பாடலின் முன்னிலை அரசன். நீரைத் தேக்குகிறவன் புகழையும் தேக்கிக்கொள்கிறான். தேங்கிய நீரை ஊரில் யார் பங்கிடுவது என்ற கேள்விக்கு அந்தப் பாட்டில் இடமில்லை.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பிரதி உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட இரண்டு சாசனங்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். வாரியத்தில் இடம்பெறும் தகுதி, வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதக் கல்வி, இரண்டாவது சாசனத்தின்படி வயது 35 முதல் 70 வரை. கணக்குக் காட்டாதவரை விலக்கிவைக்கும் விதி, இன்றைய எந்தக் கூட்டுறவுச் சங்கமும் வெட்கப்பட வேண்டிய அளவுக்குக் கறாரானது. இது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமும் சாதியும் கல்வியும் உள்ளவர்களுக்கிடையேயான ஜனநாயகம் என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் நின்ற இடம் வேறு.

கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவர் உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது. யார் அந்த உறவினர் என்று கல்வெட்டு நீளமாகப் பட்டியலிடுகிறது. தாயின் சகோதரிகளின் மக்கள், அத்தை மக்கள், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், மகளை மணந்த மருமகன். பெண்கள் கல்வெட்டில் இருக்கிறார்கள். தாயாக, அத்தையாக, மனைவியாக, சகோதரியாக, மகளாக, ஓர் ஆணிலிருந்து இன்னோர் ஆணுக்குச் செல்லும் வழியாக இருக்கிறார்கள். ஊழலின் உறவு பெண் வழியே பரவும் என்று அஞ்சிய சபை, பொறுப்பு பெண்ணிடம் வரலாம் என்று எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் பெண் கூடாது என்று தனியாக ஒரு விதி எழுதவும் தேவைப்படவில்லை.

அடுத்தது குடிமராமத்து. மராமத்து அரபு மூலத்திலிருந்து நமக்கு வந்த சொல். குடிகளே கூடிச் செய்யும் பழுதுபார்ப்பு என்று பொருள். கோடையில் ஊர் கூடிக் கரையை உயர்த்தியது, மதகைச் சீர்செய்தது என்று இந்தச் சொல்லைச் சுற்றி இன்று ஓர் ஏக்கம் படிந்திருக்கிறது. ஆங்கில அரசு இதைச் சட்டமாக்கியபோது அதற்கு வைத்த பெயர் கட்டாய உழைப்புச் சட்டம், 1858. ஊர் கூடியது என்ற இடத்தில் கட்டாயம் என்ற சொல் வந்து நிற்கிறது. சிவகங்கை, இராமநாதபுரம் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட 'தி ரூல் ஆஃப் வாட்டர்' நூல், கண்மாயைக் கட்டிக்காத்தது சமத்துவமான ஊர்ச் சமூகம் என்ற படிமத்தையே கேள்விக்குள்ளாக்கியது. அதிகாரமும் கோயில் மரியாதையும் சாதியும் சேர்ந்தே தண்ணீரை ஓடவைத்தன என்றது. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையன் என ஊருக்கொரு பெயரில் வயல் வயலாக நீர் பாய்ச்சியவர் பல ஊர்களில் தலித். நீர் அவர் கையில் இருந்தது. நீதி அவர் கையில் இல்லை. மோஸின் நூலுக்குப் பிறகு குடி என்ற சொல்லைச் சாதியைக் கேட்காமல் வாசிக்க முடியாது. குடிக்குள் இருந்த பெண்ணைக் கேட்காமலும் வாசிக்கக் கூடாது என்பது என் பக்கத்துச் சேர்க்கை.

இது பழங்கதை என்று விட்டுவிடலாம், இன்றைய விதிகள் வேறாக இருந்தால். பாசன மேலாண்மையை விவசாயிகளிடமே ஒப்படைப்பதற்காகத் தமிழ்நாட்டில் 2000இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி அமையும் சங்கத்தின் பெயர் 'நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம்'. எவ்வளவு விரிந்த பெயர்! மாட்டைக் குளிப்பாட்டுகிறவள், துணி துவைக்கிறவள், கரையோரம் கீரை பறிக்கிறவள், களையெடுப்புக் கூலியை நம்பி மதகு திறக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறவள் எல்லாரும் நீரைப் பயன்படுத்துவோரே. ஆனால் சங்கத்துக்குள் நுழையும் வழி நிலப் பதிவேடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவில் சாகுபடி நிலத்தை நடத்துவோராகப் பதிவானவர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காடுதான். தமிழ்நாட்டில் 1989இலேயே மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் திருத்தினோம். 'அண்ணன் தம்பிகிட்ட போய்ப் பங்கு கேப்பியா' என்ற ஒரு கேள்வியில் அந்தத் திருத்தம் எத்தனை வீடுகளில் படுத்துவிட்டது என்பது நமக்குத் தெரியும். பட்டாவில் பெயர் இல்லாதவளுக்கு மதகிலும் குரல் இல்லை.

2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டே குடிமராமத்து என்ற பழைய பெயரில் அரசுத் திட்டம் ஒன்று வந்தது. முதல் கட்டத்தில் 1,519 பணிகள், 100 கோடி ரூபாய். பத்து விழுக்காடு பயனாளிகள் தர வேண்டும். பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். இங்கே இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். பத்து விழுக்காடு தருகிறவர் பயனாளி. அதே ஏரியில் அதுவரை ஆண்டுதோறும் மண் சுமந்தவர் தொழிலாளி. தமிழ்நாட்டின் நூறு நாள் வேலையில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் பெண்கள். ஏரியின் கொள்ளளவைத் தலைச்சுமையால் கூட்டியவர்கள், அதில் சேரும் நீரைப் பற்றிய பேச்சு தொடங்கும்போது கூலி வாங்கிக் கணக்கு முடிந்தவர்களாகிவிடுகிறார்கள்.

மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இந்த விலக்கல் கண்ணில் படாது. ஏரி நிறைந்தால் எல்லாருக்கும் வரும். நிர்வாகம் என்பது உண்மையில் பற்றாக்குறை ஆண்டில்தான் தொடங்குகிறது. பாதி ஏரி நீரை எந்த மடைக்கு முதலில் விடுவது? கடைமடைக்காரர் இந்தப் போகம் தரிசு போட வேண்டுமா, எல்லாரும் பாதி நிலத்தில் பயிர் வைப்பதா? முறை நள்ளிரவில் வந்தால், தனியாக நிலம் பார்க்கும் பெண்ணுக்கு யார் மடை மாற்றிவிடுவது? மீன் குத்தகைக்காரருக்காக எவ்வளவு நீர் நிறுத்துவது, ஆடு மாடுகளுக்காக எவ்வளவு?

இவற்றுள் மிகச் சத்தமில்லாமல் எடுக்கப்படும் முடிவு ஒன்றுண்டு. மதகையே மூடிவிடுவது. நீர் தேங்கி நின்றால் நிலத்தடியில் இறங்கும், கிணறுகள் ஊறும், ஆகவே ஏரியை ஊறணியாக்கிவிடலாம் என்ற வாதம் வறட்சிக் காலத்தில் அறிவியல் போலவே ஒலிக்கும். நீர் ஊறுவது உண்மை. ஊறிய நீர் யாருடையது? மோட்டார் உள்ளவருடையது. பொதுவாகத் தேக்கியது தனிக்கிணற்றின் வழியாக மேலே வருகிறது. கிணறு வெட்ட முதலில்லாத சிறு விவசாயி, அவர்களிலும் கணவனை இழந்தோ பிரிந்தோ அரை ஏக்கர் வைத்திருக்கும் பெண், பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் விலைக்கு நீர் வாங்க வேண்டும். மூடியது ஊர் முடிவு என்பார்கள். அந்த ஊரில் அவள் இருந்தாளா?

வறட்சி பற்றி நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் நல்லதங்காள் கதையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். ஏழு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணி கதவைச் சாத்துகிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கதைக்கு அண்ணியைத் திட்டியே அழுதிருக்கிறோம். பிறந்த வீட்டுக் களஞ்சியத்தில் மகளுக்குப் பங்கு ஏன் இல்லை, வேறொரு பெண்ணின் மனம் இரங்கினால்தான் சோறு என்ற நிலைக்கு அவள் ஏன் தள்ளப்பட்டாள் என்று கதை கேட்பதில்லை. தங்கள் பெயரில் எதுவும் இல்லாத இரண்டு பெண்களை ஒரு வாசலில் எதிரெதிரே நிறுத்திவிட்டுப் பஞ்சம் நகர்ந்துவிடுகிறது. வறண்ட கோடையில் தெருக்குழாயடிச் சண்டையைப் படம்பிடித்துச் சிரிக்கிற இன்றைய கண்ணும் இதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏரியைப் பற்றிய முடிவை வேறெங்கோ வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள். அதன் விளைவை இரண்டு பெண்கள் குடத்தோடு நின்று தீர்த்துக்கொள்கிறார்கள்.

பொதுவளங்களை மக்களே நிர்வகிக்க முடியும் என்று காட்டி, 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் எலினோர் ஆஸ்ட்ரம். விதிக்குக் கட்டுப்படுகிறவர்கள் அந்த விதியை மாற்றுவதிலும் பங்குபெற வேண்டும் என்பது அவர் கண்ட கோட்பாடுகளில் ஒன்று. யாருக்கு உரிமை என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. நம் ஏரிகளில் இரண்டாவது கோட்பாடு முதலாவதை விழுங்கிவிட்டது. எல்லைக்கோட்டைப் பட்டாவின் மீது போட்டுவிட்டோம். தெற்காசிய வனக் குழுக்களை ஆராய்ந்த பினா அகர்வால் இதற்குத் தந்த பெயர், பங்கேற்பின் பெயரால் நடக்கும் விலக்கல்.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்குத் தந்தாயிற்றே என்று கேட்கலாம். நாற்பது ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன. அந்த இடங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிலமுள்ள வீட்டுப் பெண் ஒருத்தி நாற்காலியில் அமர்ந்தால் நிலமற்ற பெண்ணின் நீர்த்தேவை தானாகப் பேசப்பட்டுவிடாது. சேரித் தெருப் பெண்ணின் பெயரில் அவள் பேசுவதும் சரியாகாது.

ஆகவே கோரிக்கை எளிமையானது. சங்க உறுப்பினர் தகுதி பட்டாவிலிருந்து விடுபட வேண்டும். சாகுபடி செய்கிற, கூலி செய்கிற, கால்நடை வளர்க்கிற பெரியவர்கள் அனைவரும் தனித்தனி உறுப்பினர். ஒரு வீட்டுக்கு ஒரு குரல் என்ற வழக்கம் வேண்டாம். மதகை மூடும் முடிவும் வீட்டுக்கும் கால்நடைக்கும் எவ்வளவு நீர் நிறுத்துவது என்பதும் அவர்கள் எல்லாரும் கூடிய கூட்டத்தில், அவர்கள் வரக்கூடிய நேரத்தில் எடுக்கப்பட வேண்டும். நீர் பாய்ச்சும் வேலை சாதிக்கடனாக இல்லாமல் சம்பளமுள்ள பதவியாகிப் பெண்களுக்கும் திறக்க வேண்டும். கணக்குக் காட்டாதவரை விலக்கும் உத்திரமேரூர் விதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டும் அந்தக் கல்வெட்டை நடத்துவேன். உறவினர் பட்டியல் வரும் இடத்தில் இனி வேகமாகக் கடந்துபோக மாட்டேன். வாரியத்துக்கு ஆறு பேர் என்று பலகையில் எழுதிவிட்டு, உங்கள் ஊர் ஏரியில் மண் சுமந்தவர் யார், மதகுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று வீட்டில் கேட்டு வரச் சொல்வேன்.