காஞ்சனாவுக்குக் கைத்தட்டியவர்கள்

2011-இல் 'காஞ்சனா' வந்தபோது மாக் மண்டினிலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போய்ப் பார்த்தோம். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு திருநங்கை தனியாக உட்கார்ந்திருந்தார். முதல் பாதியில், பேய் புகுந்த ராகவா லாரன்ஸ் சேலையும் வளையலுமாக நடக்கும்போதெல்லாம் தியேட்டரே அதிர்ந்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டாம் பாதியில் சரத்குமார் காஞ்சனாவாக வந்தார். நிலத்துக்காக அவரைக் கொன்றார்கள். அடைக்கலம் கொடுத்தவர்களையும் விடவில்லை. சிரித்த கூட்டம் அழுதது. பேய் பழி தீர்த்தபோது விசிலடித்தது.

படம் விட்டு வெளியே வரும்போது, முன்னால் போன அந்தத் திருநங்கையைப் போல எங்களில் ஒருவன் நடந்து காட்டினான். யாரும் தடுக்கவில்லை. நானும்தான்.

பேய்ப்படத்தில் இவ்வளவு கொடூரம் எதற்கு என்று கேட்டால், 'நீதி சொல்லத்தான்' என்ற பதில் தயாராக இருக்கும். அது முழுப் பொய்யும் இல்லை. கேலிக்கு மட்டுமே திருநங்கைகளைப் பயன்படுத்தி வந்த வணிக சினிமாவில் காஞ்சனாவுக்கு ஒரு வாழ்க்கையும் கோபமும் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் படம் இயங்கும் முறையைப் பாருங்கள். முதலில் வில்லன் கொல்கிறான், நாம் துடிக்கிறோம். பிறகு பேய் கொல்கிறது, நாம் ரசிக்கிறோம். முதல் கொடுமைதான் இரண்டாவது கொடுமைக்கு லைசன்ஸ். முதல் பாதியில் நாம் சிரித்த சிரிப்பு மட்டும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பேய்ப்படம் இல்லையென்றாலும் 'அந்நியன்' (2005) இதே கணக்கைத்தான் போடுகிறது. ரயிலில் கெட்ட சாப்பாடு போட்டவனுக்குக் கருட புராணப்படி கொதிக்கும் எண்ணெய். பார்த்தவர்களில் எத்தனை பேர் தன்னை அந்த எண்ணெய்ச் சட்டிக்குள் வைத்துப் பார்த்திருப்போம்? எல்லாரும் அந்நியன் பக்கத்தில்தானே நின்றோம்!

நம்ம ஊர்ப் பேயையும் சொல்ல வேண்டும். பிரசவத்தில் செத்த பெண் பொந்தியானாக் ஆவாள். பிடரியில் ஆணி அடித்தால் அழகான, அடங்கிய மனைவியாக மாறிவிடுவாள் என்பது மலாய்க்காரர்களின் கதை. 1957-இல் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி. என். ராவ், மரியா மெனாடோவை வைத்து 'பொந்தியானாக்' எடுத்த பிறகு அவள் சினிமாப் பேயும் ஆனாள். ராத்திரியில் வாழைமரத்துப் பக்கம் போகாதே என்று பாட்டி என்னைப் பயமுறுத்தியிருக்கிறார். ஆணி அடிக்கிறவனைப் பற்றி யாரும் பயமுறுத்தியதில்லை. கதையில் இருப்பதிலேயே பெரிய கொடுமைக்கு அங்கே பரிகாரம் என்று பெயர்.

மிஷ்கினின் 'பிசாசு' (2014) இந்த இடத்தில்தான் விலகி நிற்கிறது. (பார்க்காதவர்கள் மன்னிக்கவும், முடிவைச் சொல்லப் போகிறேன்.) விபத்தில் அடிபட்டு, நாயகன் சித்தார்த்தின் கையைப் பிடித்தபடி செத்துப்போகும் பவானி, பேயாக அவன் வீட்டுக்கு வருகிறாள். அவளை இடித்துவிட்டு நிற்காமல் போனவனைத் தேடி அவன் அலைகிறான். கடைசியில் தெரிகிறது, காரை ஓட்டியது அவனேதான். பேய் அவனைக் கொல்லவில்லை. அதுவரை அவனைக் காத்துக்கொண்டிருந்தது. இங்கே விசிலடிக்க இடமில்லை. கொலைகாரனைத் தேடி அவனோடு சேர்ந்து அலைந்த நாமும் அவனோடு சேர்ந்தே மாட்டிக்கொள்கிறோம்.

கொடூரத்தைக் காட்டுவதால் மட்டும் நீதி வந்துவிடாது. அதில் நம் கையும் இருக்கிறது என்று படம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நீதி தியேட்டர் வாசல் வரைக்கும்கூட வராது. வராததை அன்று கண்ணால் பார்த்தேன்.

'காஞ்சனா'வை இன்னொரு தடவை பார்ப்பதாக இருக்கிறேன். இந்த முறை, முதல் பாதியை மட்டும்.