இடைய வருமானமும் இலக்கியச் சாட்சியமும்

அலபாமாவின் ஹேல் என்னும் கிராமியக் கவுண்டியில் 1936 இல் மூன்று குத்தகை விவசாயக் குடும்பங்களை ஜேம்ஸ் ஏஜி கண்டறிந்து எழுதிய நூல், வோக்கர் எவன்ஸின் நிழற்படங்களுடன் 1941 இல் வெளிவந்தது. வருமானத்தைக் கடனோடு சேர்த்து நோக்கியமையே அதன் சிறப்பு எனலாம்.

1940 இல் அமெரிக்கக் குடிசன மதிப்பீடு முதன்முதலாக வருமானத்தை வினவியபோது, கூலிக்கும் சம்பளத்துக்குமே தொகை கேட்டது. பிற வருவாய் 50 டொலரை எட்டியதா என்பதோடு நின்றுகொண்டது. விளைச்சலிற் பங்கு பெற்ற குடியானவரின் வருவாய் தொகையாகப் பதிவுறவில்லை. ஆகவே, அன்றைய எண்ணை இன்றைய குடும்ப வருமான இடையத்தோடு நேரே ஒப்பிடல் தகாது. இன்று ஏறத்தாழ 15,000 பேர் வாழும் அக்கவுண்டிக்கு, மாதிரி சிறிதாதலின், ஐந்தாண்டுத் தரவுகளைத் திரட்டியே அமெரிக்கச் சமுதாய அளவாய்வு இடையத்தைக் கணிக்கிறது. அடுத்தடுத்த மதிப்பீடுகள் நான்கு ஆண்டுகளைப் பகிர்வதால் திடீர் வீழ்ச்சியும் மங்கித் தோன்றும்.

எனினும், ஏஜியின் தெரிவும் குறையற்றதன்று. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அக்கவுண்டியில் அவர் தெரிந்த மூன்று குடும்பங்களும் வெள்ளையரே. இடையம் நடுக்குடும்பத்தைக் காட்டும்; அதற்குக் கீழுள்ள வறுமையின் ஆழத்தைக் காட்டாது. எழுத்து ஆழத்தைக் காட்டும். அது எத்தனை பேருக்குரியதெனக் கூறாது. இரண்டையும் உற்பத்தி உறவுகளின் அடிப்படையில் இணைத்து நோக்குவதே விமர்சனத்தின் பணியென நாம் கருதுகிறோம்.