பதிவுப்பெட்டியின் படம் மங்கலா?

தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளேயே ஒரு டியூனர் இருக்கிறது. அதன் பக்கத்தில் வைக்கும் பதிவுப்பெட்டிக்குள்ளும் ஒரு டியூனர் இருக்கிறது. ஒரே அலைவரிசையை இரண்டின் வழியாகவும் மாற்றி மாற்றிப் பார்த்தால் எது தெளிவாக இருக்கும்? 'தொலைக்காட்சியின் சொந்த டியூனரே மேல்; பதிவுப்பெட்டி படத்தைக் கெடுத்துவிடுகிறது' என்று அமெரிக்காவில் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இத்தீர்ப்பு ஒரு காலத்தில் முற்றிலும் சரி. பிறகு காலம் மாறியது, தீர்ப்பு மாறவில்லை. இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

வன்தட்டில் பதியும் பெட்டிகளில் முன்னோடியான 'டிவோ' 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்தி வைக்கலாம், பின்னோக்கி நகர்த்தலாம் என்பதே அதன் கவர்ச்சி. அன்று அங்கே நிலத்திலிருந்து பெரும்பாலும் ஒளிபரப்பானது 525 வரி கொண்ட அனலாக் படம். (நம் தூரதர்ஷன் கையாண்டது 625 வரி முறை.) தொலைக்காட்சியின் டியூனர் இந்த அலையைப் பிரித்து நேரே திரைக்கு அனுப்பியது. டிவோவோ அதை எண்களாக மாற்றி, 'எம்பெக்-2' முறையில் சுருக்கி, வன்தட்டில் எழுதி, மீண்டும் படித்து, விரித்து, அனலாக் அலையாக்கி அனுப்பியது. பதிவு செய்யும்போது மட்டும் இப்படி நடக்கவில்லை. நீங்கள் நேரடி ஒளிபரப்பு என்று எண்ணிப் பார்த்ததும் இதே வழியில்தான் வந்தது! அதனால்தான் அது ஒரு கணம் பிந்தியே திரையில் தோன்றியது.

இந்தச் சுருக்கம் எவ்வளவு கடுமையானது என்று பாருங்கள். தொலைக்காட்சி நிலையங்களில் வழங்கிய தரத்தின்படி, அத்தகைய படத்தைச் சுருக்காமல் எண்களாக்கினால் விநாடிக்கு 16 கோடி பிட்டுகளுக்கு மேல் ஆகும். வன்தட்டில் எழுதப்பட்டதோ சில பத்து இலட்சம் பிட்டுகள் மட்டுமே. செய்தி வாசிப்பவரின் முகத்துக்கு அது போதும். பின்னணி அசைவதில்லை அல்லவா? கால்பந்து மைதானத்தின் புல்தரையைக் காமிரா வேகமாகத் தொடரும்போது போதாது. புல் பச்சைக் குழம்பாகும். பந்தைச் சுற்றிச் சிறு சதுரங்கள் முளைக்கும்.

ஆன்ட்டெனா சரியில்லாத வீடுகளின் கதி இன்னும் மோசம். திரையில் சிதறும் வெண்புள்ளிகளும் படத்தின் ஒரு பகுதியே என்று சுருக்கும் பொறி எடுத்துக்கொள்கிறது. எந்த ஒழுங்கும் இல்லாமல் மாறும் புள்ளிகளைச் சுருக்குவது கடினம். ஆகவே படத்துக்குச் செலவாக வேண்டிய பிட்டுகள் புள்ளிகளுக்குச் செலவாகின்றன. விந்தை என்னவென்றால், சிலருக்குப் பதிவுப்பெட்டியின் படமே 'சுத்தமாக' இருப்பதாகத் தோன்றக்கூடும். புள்ளிகள் மழுங்கிவிடுவதுதான் காரணம். அவற்றோடு முகத்தின் நுண்கோடுகளும் மழுங்கியதைக் கண் எளிதில் கவனிப்பதில்லை.

இங்கே விற்பனை முறையையும் குறை சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெட்டியில் அடிப்படை, நடுத்தரம், உயர்வு, மிகச் சிறப்பு என நான்கு தரங்கள் இருந்தன. முதல் பெட்டிகளில் ஒன்று '14 மணி நேரம்' என்று விற்கப்பட்டது. அந்த 14 மணி, கடைத்தரமான 'அடிப்படை'யில் கணக்கிட்டது! மிகச் சிறப்பான தரத்தில் பதிந்தால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரமே கிடைக்கும். விலைக்கு வாங்கியவர் மணி நேரத்தைப் பார்த்து வாங்கினார். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து வருந்தினார். 'பதிவுப்பெட்டி கெடுக்கிறது' என்று நொந்துகொண்டவர்களில் எத்தனை பேர் எந்தத் தரத்தில் பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்?

இனி மாற்றத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் டைரக்டிவி என்னும் செயற்கைக்கோள் சேவைக்கென டிவோ பொருத்திய பெட்டிகள் வந்தன. செயற்கைக்கோளிலிருந்து வருவதே ஏற்கெனவே சுருக்கப்பட்ட எண்வடிவப் படம். பெட்டி அதை மறுபடி சுருக்காமல் வந்தபடியே எழுதி வைத்தது. தர அளவைத் தேர்ந்தெடுக்கும் தேவையே அங்கு இல்லாமற்போயிற்று. பின்னர் நில ஒளிபரப்பும் எண்வடிவத்துக்கு மாறியது. 2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டன. அவற்றின் புதிய ஒளிபரப்பில் ஓர் அலைவரிசைக்கு விநாடிக்கு 1 கோடியே 94 இலட்சம் பிட்டுகள் வரை வரும். ஒரு மணி நேரத்துக்கு 9 கிகாபைட்டுக்கும் குறைவு. வன்தட்டு அதை எளிதாகத் தாங்கும்.

ஆகவே தொலைக்காட்சியின் டியூனருக்குக் கிடைப்பதும் பதிவுப்பெட்டி எழுதி வைப்பதும் ஒரே பிட்டுகள். நகலில் ஒரு புள்ளியும் குறைவதில்லை. 2006இல் வந்த மூன்றாம் தலைமுறை டிவோவில் இரண்டு நிலைகளையும் ஒரே பெட்டியில் காண முடிந்தது. எண்வடிவ அலைவரிசைகளை அது அப்படியே எழுதியது. கேபிளில் எஞ்சியிருந்த அனலாக் அலைவரிசைகளைப் பழையபடி சுருக்கி எழுதியது. பெட்டியைப் பற்றி ஒட்டுமொத்தமாகத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு பொருளற்றது!

பிட்டுகள் ஒன்றென்றால், கண்ணுக்கு வேறுபாடு தெரிவதேன்? அது பொய்யல்ல, தெரியத்தான் செய்கிறது. அங்கே சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகியவை 1080 வரிப் படத்தை வரிவிட்டு வரியாக, விநாடிக்கு 60 அரைப்படங்களாக அனுப்பின. ஏ.பி.சி., ஃபாக்ஸ் ஆகியவை 720 வரி கொண்ட முழுப் படங்களை விநாடிக்கு 60 வீதம் அனுப்பின. பதிவுப்பெட்டியை '720' என்று நிலையாக அமைத்துவிட்டால், 1080 வரிப் படத்தைப் பெட்டி 720 ஆகக் குறைக்கும். திரை 1080 வரி கொண்டதென்றால் தொலைக்காட்சி அதை மறுபடி பெரிதாக்கும். இரு முறை தைத்த துணி போல நுண்மை போய்விடும். வந்த வடிவத்திலேயே அனுப்பும் அமைப்பும் டிவோவில் உண்டு. ஆனால் அலைவரிசை மாற்றும்போது படத்தின் வடிவமும் மாறினால் திரை ஒரு கணம் இருண்டு மீளும். அந்த எரிச்சலுக்காக அதைத் தவிர்த்துவிட்டு, படம் சரியில்லை என்று சொன்னால் குற்றம் யாருடையது?

இரண்டாவது காரணம் இன்னும் எளியது. பல தொலைக்காட்சிகள் ஒளி, நிறம், கூர்மை ஆகியவற்றை ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியே நினைவில் வைக்கின்றன. ஆன்ட்டெனா வழிக்குப் பளிச்சென்ற அமைப்பும், எச்.டி.எம்.ஐ. வழிக்கு மிதமான அமைப்பும் இருந்துவிட்டால், பார்ப்பவர் பளிச்சென்றதையே 'தெளிவு' என்பார். இரண்டையும் சமமாக்காமல் செய்யும் ஒப்பீடு எதுவும் ஒப்பீடாகாது.

நீங்கள் சோதித்துப் பார்க்க விரும்பினால், முதலில் இரு இணைப்புகளின் அமைப்பையும் ஒன்றாக்குங்கள். பிறகு பெட்டியை வந்த வடிவிலேயே அனுப்பச் செய்யுங்கள். நிறுத்தி வைத்த படத்தைப் பார்க்காமல் ஓடும் படத்தைப் பாருங்கள்; வரிவிட்டு வரி ஒளிபரப்பில் நிறுத்திய படம் அரைப்படமாகவும் இருக்கலாம். எந்த வழியில் வருகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றித் தரட்டும்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே ஆன்ட்டெனாக் கம்பியை இரண்டாகப் பிரித்து இரு டியூனர்களுக்கும் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அலைத்திறன் பாதிக்கும் கீழே, ஏறத்தாழ 3.5 டெசிபல் குறையும். அனலாக்கில் இது சில புள்ளிகளாகத் தெரிந்திருக்கும். எண்வடிவத்தில் போதுமான அலை இருக்கும்வரை ஒரு மாற்றமும் தெரியாது. எல்லைக்குக் கீழே போனதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அப்போது ஒரு டியூனர் உடைந்த படமும் மற்றது முழுப் படமும் காட்டினால், ஏறிப் பார்க்க வேண்டியது கூரையின் மேல்.